வேலூர் வெயிலில் நான்கு ஆண்டுகள்: எங்கள் வீட்டுச் சிவப்பு வால் 'சுறா'

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மீன் தொட்டியைப் பார்த்ததும் கேட்பது, "சுறாவா? கடிக்குமா?" என்றுதான். கடிக்காது. ரெட் டெயில் பிளாக் ஷார்க் என்று விற்றாலும் இது சுறா அல்ல, கெண்டைக் குடும்பத்து நன்னீர் மீன். கறுப்பு உடல், செக்கச் சிவந்த வால், முதுகில் முக்கோணமாக நிமிர்ந்த துடுப்பு. அந்தத் துடுப்பால் வந்த பெயர். தாய்லாந்து இதன் தாயகம். அங்கே இயற்கை நீர்நிலைகளில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. நம் கைக்கு வருபவை பண்ணையில் பிறந்த குஞ்சுகள்.

இதற்கு முன் ஒரு தவறு செய்தேன். 'குட்டிச் சுறா' என்ற பெயரை நம்பி, மூன்று அங்குல மீன் இரண்டை வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டேன். அவை மேகாங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் அடி நீளமாகி, விளக்கைப் போட்டாலே மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டன. அதைப் பார்க்கும் மனம் எனக்கு இல்லை. குடியாத்தம் பக்கம் மீன் குளம் வைத்திருக்கும் மாமாவிடம் கொடுத்தேன். கோட்டை அகழியில் விடச் சொன்னவர்களும் உண்டு. வெளிநாட்டு மீனை நம் நீர்நிலையில் விடுவது பெரிய தீங்கு.

சிவப்பு வால் ஆறு அங்குலத்துக்குள் நின்றுவிடும். இதற்கு நான்கடி நீளத் தொட்டி, ஏறத்தாழ 250 லிட்டர். மீன் வாங்கும் முன் ஒன்றரை மாதம் ஃபில்டரை ஓடவிட்டேன். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு நாள் பிடிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பக்கெட்டில் வெள்ளைப் படிவம் நிற்கும். ஆகையால் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கலந்து, வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றுகிறேன்.

உண்மையான சோதனை அக்னி நட்சத்திரம்தான். இந்த மீனுக்கு ஏற்றது 22 முதல் 26 டிகிரி. மே மாதத்தில் எங்கள் தொட்டி 33ஐத் தொடும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. முதல் கோடையில் பதறிப்போய் இரண்டு பனிக்கட்டி பாட்டில்களை ஒன்றாக மிதக்கவிட்டேன். வெப்பம் சட்டென்று இறங்கியது. அந்த வாரமே வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. பத்து நாள் போராடி மீட்டேன். இப்போது மூடிக்குப் பதில் வலை, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய மேசை மின்விசிறி. ஆவியாதலால் மூன்று டிகிரி வரை மெதுவாகக் குறைகிறது. வற்றும் நீரைத் தினமும் நிரப்ப வேண்டும். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். அதற்குச் செலவழித்த பணத்துக்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

குணம்? தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைச் சகிக்காது, ஒன்றுதான் வளர்க்க வேண்டும். மரத்துண்டின் கீழ் ஒரு பொந்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, நெருங்கும் மீன்களை விரட்டும். வேகமாக நீந்தும் பார்ப் மீன்கள் ஆறு கூடவே இருப்பதால் துரத்தல் ஒருவர்மேலேயே விழுவதில்லை. பாசி, ஸ்பைருலினா தீனி, வெந்த வெள்ளரித் துண்டு எல்லாம் சாப்பிடும். உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் வாலின் சிவப்பு மங்கும். காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது அந்த வாலைத்தான்.