மெக்சிகோவில் பழைய மார்பு ரீபிரீதர் வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

துலும், ப்ளாயா டெல் கார்மென் பக்கம் குகை டைவிங் போகும்போது அங்கேயே ஒரு செகண்ட் ஹேண்ட் மார்பு ரீபிரீதரை (விட்ட மூச்சைச் சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பச் சுவாசிக்கத் தரும், மார்பில் கட்டும் கருவி) வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த வட்டாரத்துக் கடை ஒன்றில் என் முன்பணம் போய்விட்டது. பணத்தைவிடப் பெரிய விஷயம், அவர்கள் என் கையில் கொடுத்த கருவி ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் இருந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை.

நான் சைடுமவுண்ட் டைவர், அதாவது சிலிண்டர்களை முதுகில் அல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நீந்தும் ரகம். மார்பு ரீபிரீதரைத் தேடியதற்குக் காரணமும் அதுதான். கருவி மார்பில், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும். போகிற ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண அலுமினிய சிலிண்டர்களையே அவசர வாயுவுக்கும் வைத்துக்கொள்ளலாம். மெக்சிகோவின் குகைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை, ஆனால் நீளத்துக்கு எல்லையே இல்லை. 2018-ல் டோஸ் ஓஹோஸ் குகையோடு இணைப்பு கண்டுபிடிக்கப்பட்டபோது அங்குள்ள சாக் ஆக்தூன் நீரடிக் குகை அமைப்பின் நீளம் 347 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குமிழி வெளியே போகாத கருவி பெரிய வரம். வாயு நீடிக்கும், கூரையில் படிந்த தூசும் குமிழி பட்டு நம் தலையில் கொட்டாது.

கடைக்காரர் சொன்னது இது: "டெமோ பீஸ், போன வருடம் ஃபேக்டரி சர்வீஸ் ஆனது, ஆக்சிஜன் செல் மூன்றும் புதுசு, விமானத்தில் கேபின் பையிலேயே போய்விடும்." பாதி விலையை முன்பணமாக அனுப்பினேன்.

கேபின் பை கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொன்ன எடை வெறும் கூட்டுக்கு மட்டும். ஆக்சிஜன் சிலிண்டர், ரெகுலேட்டர்கள், மார்புப் பட்டை, கம்ப்யூட்டர் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் ஒரு முறை நிரப்பவே இரண்டு கிலோவுக்கு மேல் போகும். போகிற ஊரில் கிடைக்காவிட்டால் அதையும் சுமக்க வேண்டும், விமான நிலையத்தில் வெள்ளைக் குருணையைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்களுக்குக் காட்டப் பாதுகாப்புத் தாளும் வேண்டும். சிலிண்டரைக் காலி செய்து வால்வைக் கழற்றித்தான் எடுத்துப் போக முடியும். போன இடத்தில் ஆக்சிஜன் பூஸ்டர் (அழுத்தம் ஏற்றும் பம்ப்) இல்லையென்றால் அந்தக் குட்டி சிலிண்டர் அரைகுறையாகத்தான் நிரம்பும். எடை கேட்கும்போது "தண்ணீரில் இறங்கத் தயாரான நிலையில் எவ்வளவு" என்று கேளுங்கள்.

இனி செல் விஷயம். இதுதான் முக்கியம்.

மூச்சுச் சுற்றுக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை இந்த மூன்று செல்களை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆக்சிஜன் அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரலாம். 1.6-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு என்றால் வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவும், மூழ்குவோம். இரண்டையும் உடம்பால் உணர முடியாது. செல் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கருவியைப் பார்க்கக் கொடுத்த அன்று, ஆக்சிஜன் நிரப்புவதற்காக வேறொரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே வாயு கலக்கும் பெரியவர் சிலிண்டரைத் தொடுவதற்கு முன், "செல்லைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தலைப்பகுதியைத் திறந்தோம். மூன்று செல்லிலும் தேதி ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. ஒன்றில் மட்டும் ஈரத்தில் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. அவர் நகத்தால் மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் இரண்டு வருடம் பழைய தேதி. இந்த செல்களின் ஆயுள் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடம்தான். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் செல்கள் தரும் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தோம். ஆக்சிஜன் ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். காற்றில் 10.1, 9.6, 9.8 மில்லிவோல்ட். மூன்றும் நன்றாகவே தெரிந்தன. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம் என்பதால், சுத்த ஆக்சிஜனில் வைத்தால் இது கிட்டத்தட்ட ஐந்து மடங்காக, அதாவது 46, 48 என்று ஏற வேண்டும். முதல் செல் 48-க்கு ஏறியது. மற்ற இரண்டும் 37, 38-லேயே நின்றுவிட்டன. வயதான செல்லின் குணம் இது. கீழே சரியாகக் காட்டும், மேலே போகப் போக முட்டுக்கட்டை போட்டது போல நின்றுவிடும்.

இதில் பயங்கரம் என்னவென்றால், ஒன்று மாறுபட்டால் ஒத்துப்போகும் இரண்டைத்தான் கட்டுப்பாட்டுக் கருவி நம்பும். இங்கே ஒத்துப்போகும் இரண்டும் பொய் சொல்பவை, உண்மை சொல்லும் ஒன்று ஓரங்கட்டப்படும். ஆக்சிஜன் அழுத்தத்துக்கான இலக்கு 1.2 பார் என்று வைத்திருந்தால், அந்த இரண்டும் அதை எட்டவே எட்டாது. கருவி ஆக்சிஜனைச் செலுத்திக்கொண்டே இருக்கும். 15 மீட்டர் ஆழத்தில் சுற்றியிருக்கும் அழுத்தம் 2.5 பார். ஆபத்துக்கு அதுவே தாராளம். திரையில் மட்டும் எண்கள் அமைதியாக இருக்கும்.

மவுத்பீஸையும் பிரித்துப் பார்த்தோம். வெளிமூச்சு பக்கத்து ரப்பர் வால்வின் விளிம்பு மடங்கி, நுண்ணிய வெள்ளைத் தூசு ஒட்டியிருந்தது. அந்த வால்வு மூடவில்லையென்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம். ஸ்க்ரப்பர் (சோடா லைம் இருக்கும் டப்பா) எவ்வளவு புதிதாக நிரப்பியிருந்தாலும் கரியமில வாயு ஏறும். மவுத்பீஸே அந்தக் கருவியோடு வந்தது அல்ல. ஐரோப்பாவில் ஈ.என். 14143 தரத்துக்கு முழுக் கருவியையும் சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். ஒரு பாகத்தை மாற்றினால், சோதித்த கருவி வேறு, நம் மார்பில் இருக்கும் கருவி வேறு.

அன்று இரவே வரிசை எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்களும், அவர்கள் அங்கீகரித்த இடங்களும் அந்தக் கருவியை சர்வீஸ் செய்து நான்கு வருடம் ஆகிறது என்று பதில் வந்தது. டெமோவுக்குப் போன கருவியும் இல்லை, ஒரு தனிநபரின் பெயரில் பதிவாகியிருந்தது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த மின்னஞ்சல்தான். காசு செலவில்லை.

சோதித்துப் பார்க்கச் சொன்ன விதத்தையும் சொல்லியாக வேண்டும். நீச்சல்குளத்தில் நின்றபடி சுவாசிக்கச் சொன்னார்கள். நிற்கும்போது மூச்சுப் பை (நாம் விடும் மூச்சு போய் நிரம்பும் பை) நுரையீரல் மட்டத்திலேயே இருப்பதால் எந்த மார்புக் கருவியும் சுகமாகத்தான் இருக்கும். குகையில் நாம் குப்புறப் படுத்துத்தான் நீந்துகிறோம். அப்போது பை நுரையீரலுக்குக் கீழே போய்விடும். இழுப்பது எளிது, வெளியே விடுவது கடினம். சிலருக்கு இது பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. தாழ்வான இடுக்குகளில் மார்புக் கூடு அடியில் உரசி மண்ணைக் கிளப்பும் வாய்ப்பும் உண்டு. கிடைமட்டமாக மிதந்து, அரைமணி நேரமாவது சுவாசிக்காமல் எந்த மார்புக் கருவியையும் வாங்காதீர்கள்.

இரண்டே நாள் பயிற்சி, மூன்றாம் நாள் குகை என்றும் சேர்த்து விற்கப் பார்த்தார்கள். திறந்த சுற்றில் (விட்ட மூச்சு குமிழியாக வெளியேறும் சாதாரணக் கருவியில்) நல்ல குகை டைவராக இருப்பது ரீபிரீதரில் ஒருவரைக் காப்பாற்றாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பயிற்சி உண்டு. அதை முடித்து, வெளித்தண்ணீரில் பல மணி நேரம் ஓட்டிய பிறகுதான் கூரைக்கு அடியில் போக வேண்டும்.

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தைக் கேட்டேன். ஸ்டிக்கரைக் காட்டியதும், "அது முந்தின ஓனர் செய்தது" என்றார் கடைக்காரர். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஸ்பானிஷில் இருந்த வரியைக் காட்டினார்: இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது. புதுசு என்று எழுதி அனுப்பிய செய்திகள் என் போனில் இருப்பதாகச் சொன்னேன். பேச்சை முடித்துக்கொண்டார். மெக்சிகோவின் நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபெகோவில் செய்திகள், மில்லிவோல்ட் படங்கள், தயாரிப்பாளரின் பதில் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதை அவசரமாக எழுதுவதற்குக் காரணம், போன வாரம் அதே கருவி அதே படங்களோடு மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் இப்போதும் "செல் மூன்றும் புதுசு" என்றுதான் இருக்கிறது. கறுப்புக் கூடு, இடது மேல் மூலையில் நீளமான கீறல், மவுத்பீஸ் மட்டும் சாம்பல் நிறம். யாராவது இதை உங்களுக்குக் காட்டினால் வாங்காதீர்கள். விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் யாராவது தெரிந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். வரிசை எண் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், தருகிறேன்.