வெறும் ஊசியா, விண்டர்கிரீன் தைலமா? குன்னூரில் ஒரு கழுத்து வலிக் கணக்கு

நவம்பரில் காலை ஏழு மணிக்குக் குன்னூர் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். குல்லா, ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் இருந்தும் எல்லாருடைய தோளும் காதுவரை ஏறியிருக்கும். குளிருக்கு உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. அப்படி ஏறிய தோளோடுதான் ஒருவர் கொழுந்து வெட்டப் போகிறார், இன்னொருவர் மேட்டுப்பாளையத்துக்கு வண்டி இறக்குகிறார். என்னைப் போன்றவன் பால் பாக்கெட்டோடு வீடு திரும்பி, லேப்டாப் முன்னால் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்கிறேன்.

அம்மா, நான், பக்கத்து வீட்டு மாமா மூன்று பேருக்கும் வலி ஒரே இடத்தில். கழுத்து தோளுக்கு இறங்கும் அந்தச் சரிவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்படும். டிரப்பீசியஸ் தசையின் மேல்பகுதி அது. அம்மாவுக்கு வந்தது தேயிலைக் கத்தரியால், மாமாவுக்கு ஸ்டியரிங்கால், எனக்கு லேப்டாப்பால். மூவரும் மூன்று வழியில் போனோம். எது யாருக்குச் சரிப்பட்டது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வெறும் ஊசி

வலிக்கிற தசை முடிச்சில் மருந்தில்லாத ஊசியைக் குத்தும் சிகிச்சைதான் ட்ரை நீடிலிங். அதற்கு எங்கள் வீட்டில் இந்தப் பெயரை வைத்தது அம்மாதான். கோவையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்வந்து விவரம் சொன்னபோது, "ஊசியில என்னடா மருந்து?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "வெறும் ஊசிக்கா காசு குடுத்துட்டு வந்த?"

கேள்வி நியாயமானதுதான். மருத்துவர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், தசையில் எந்த முடிச்சை அழுத்தினால் வலி எங்கே போய்த் தெறிக்கும் என்று வரைபடம் போட்டவர். முடிச்சுக்குள் அவர் மரப்பு மருந்தைச் செலுத்தினார். 1979-இல் செக் மருத்துவர் காரெல் லெவிட், வலி குறைவதில் ஊசி குத்துவதற்கே பங்கு உண்டு, மருந்தே இல்லாமலும் அது நடக்கிறது என்று எழுதினார். இன்றைய ட்ரை நீடிலிங்குக்கு அது முக்கியமான அடித்தளம்.

இது ஆஸ்பத்திரி ஊசி மாதிரி இருக்காது. அந்த ஊசிக்கு உள்ளே துளை இருக்கும், நுனி சாய்வாக வெட்டியிருக்கும். இது துளையில்லாத மெல்லிய கம்பி, கால் மில்லிமீட்டர் தடிமன். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, அந்தச் சரிவுத் தசையை இரண்டு விரலால் சப்பாத்தி மாவைக் கிள்ளுவதுபோல் தூக்கிப் பிடித்தார்கள். தோலில் ஊசி நுழைந்ததே தெரியவில்லை. பிறகு உள்ளே மேலும் கீழுமாக நகர்த்தினார்கள். மூன்றாவது நகர்த்தலில் தசை தானாகச் சுண்டியது, தூண்டிலில் கெண்டை சிக்கிய மாதிரி. அதே நொடியில் வலது நெற்றிப்பொட்டில் ஒரு வலி. ஆறு மாதமாகத் தலைவலி என்று நான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அதே இடம்! குத்தியது தோளில், கத்தியது நெற்றி. தலைவலியின் மூலம் தலையில் இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலமே திரும்பியதுதான் தப்பு. ஊசி போட்ட தோளோடு, பேருந்தின் கடைசி சீட்டில், 14 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பெயரை வைத்தவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. மறுநாள் யாரோ குத்துவிட்டது போல வலித்தது. இது ஓரிரு நாள் இருக்கும் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கழுத்து முழுசாகத் திரும்பியது. மூன்று வாரம் அப்படியே நன்றாக இருந்தது. நான்காம் வாரம் முடிச்சு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. உடனடி நிவாரணம் உண்டு, சில வாரம் நிற்கும். மாதக்கணக்கில் பார்த்தால் ஒழுங்கான உடற்பயிற்சியைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. இந்த முடிச்சு என்பதே சரியாக என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஆபத்து ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தச் சரிவுத் தசைக்குக் கீழேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். கீழே ஊசி போட்டுக்கொண்டு 1,800 மீட்டருக்கு மேல் ஏறி வருகிற நமக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றழுத்தம் குறையக் குறைய, உள்ளே மாட்டிய காற்று விரியும். அதோடு, மூச்சு வாங்கினால் "மலை ஏறினதால இருக்கும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஊசி போட்ட நாளில் நெஞ்சில் குத்தலும் மூச்சுத் திணறலும் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். தசையைக் கிள்ளித் தூக்காமல் நேராகக் கீழ்நோக்கிக் குத்த வருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம், மரியாதை எல்லாம் பார்க்க வேண்டாம். வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஊசி உறையை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும்.

அக்குபங்சர்

ஊசி ஒன்றேதான், வரைபடம் வேறு. ட்ரை நீடிலிங்கில் வலிக்கிற தசையைத் தேடிக் குத்துவார்கள். அக்குபங்சரில் சீன மருத்துவத்தின் சக்தி ஓட்டப் பாதைகளைப் பார்த்துக் குத்துவார்கள். எனக்குக் கழுத்து வலிக்கு கையிலும் கணுக்காலிலும் குத்தி, இருபது நிமிடம் அப்படியே படுக்க வைத்தார்கள். நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது வலி கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனால் அந்தக் கட்டிலில் ஊசியே இல்லாமல் தூங்கியிருந்தாலும் தணிந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் வித்தியாசம் சிறியதாகத்தான் இருக்கிறது. நம்ம பக்கத்தில் விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிற அக்குபங்சர்காரர்களும் உண்டு. அது வேறு கதை.

தைலம்

அம்மாவின் கட்சி இது. பிரிட்டிஷ்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம்தான் யூகலிப்டஸ். நாங்கள் கற்பூர மரம் என்போம். அந்தத் தைலம் தோலில் சில்லென்று ஏறும், மூக்கைத் திறக்கும், அவ்வளவுதான். தசை வலிக்கு அம்மா நம்புவது அதற்குப் பக்கத்து பாட்டிலை, விண்டர்கிரீன் தைலத்தை. அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினுக்குப் பங்காளி. தேய்த்த இடத்தில் தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே இறங்கும். அந்தக் காரச் சூட்டில் வலி மறந்தும் போகும்.

கத்தரி பிடிக்கிறவர்களுக்கு வலது தோள்தான் முதலில் போகும். வெட்டிய கொழுந்தோடு கத்தரியைத் தூக்கிச் சாக்கில் கொட்ட வேண்டும், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. ராத்திரி அம்மா தைலம் தேய்த்துவிட்டுப் படுப்பார், காலையில் மறுபடியும் கத்தரி. போன ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு ராத்திரி, தேய்த்த இடத்துக்கு மேலேயே வெந்நீர்ப் பையை வைத்துத் தூங்கிவிட்டார். விடிந்தால் தோளில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். சூடு பட்டால் தைலம் வேகமாகவும் அதிகமாகவும் உள்ளே இறங்கும். ஒன்று தைலம், இல்லை ஒத்தடம். இரண்டும் ஒன்றாகக் கூடாது. பாட்டிலைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம்.

ஊசி கூலி, பேருந்துச் செலவு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தைலம்தான் மலிவு. ஆனால் தைலம் அந்த ராத்திரியைத்தான் கடத்துகிறது. எனக்கு ஊசி மூன்று வாரம் வாங்கிக் கொடுத்தது. அந்த மூன்று வாரத்தை நான் வீணடித்தேன் என்பதுதான் உண்மை. பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பயிற்சித் தாள் மடித்தபடியே லேப்டாப் பையில் கிடந்தது. இரண்டாம் தடவை போய்வந்த பிறகுதான் ஆரம்பித்தேன். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், தோளை ஏற்றி இறக்குவது, பக்கவாட்டில் கை தூக்குவது. அலுவலக வேலைக்காரர்களை வைத்து டென்மார்க்கில் செய்த ஆய்வுகளில் இந்த மாதிரி எடைப் பயிற்சி கழுத்து வலியைக் குறைத்திருக்கிறது. வலி இருக்கும்போது இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். ஊசி அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது, அதற்கு நான் கொடுக்கிற மதிப்பு அவ்வளவுதான். நடந்து போக வேண்டியது நாம்.

வலி மாத்திரையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வயிறு கெடும், தோள் அப்படியேதான் இருக்கும்.

மாமா

இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவர் மாமாதான். இதய வால்வு மாற்றியதிலிருந்து வார்ஃபரின் சாப்பிடுகிறார். நான் கழுத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஊசிக்கார நம்பரக் குடு" என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ஆழமான தசையில் ஊசி குத்தினால் உள்ளுக்குள் ரத்தம் கட்டலாம். அவருடைய மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. சரி, அம்மாவின் பாட்டிலைத் தரலாமா என்றால், விண்டர்கிரீனும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசியும் கிடையாது, தைலமும் கிடையாது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

மிச்சம் இருந்தது வெந்நீர் ஒத்தடமும் சீட்டும்தான். டிரைவர் சீட்டை இரண்டு கட்டை முன்னால் தள்ளினோம், ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கிற தூரம் குறைந்தது. இறங்கும்போது பர்லியாரில் பழக்கடைகளுக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டி, தோளைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார். கிளீனர் பையன் சிரிக்கிறானாம். வலி பாதி போயிருக்கிறது என்கிறார், இன்னொரு பாதி வண்டியின் கிளட்சால் வருகிறது என்றும் சொல்கிறார்.