‘தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது’ என்று சொல்லும் பழுதுக்கடையை நம்புவதற்கு முன்

நீரால் குளிரூட்டப்படும் கணினி வைத்திருப்பவர்கள், அது ஒருநாள் உயிர் வராமல் நின்றுவிட்டால், தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு பொத்தான் கெட்டுப்போனதற்காக நான் ஒரு மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை), ஒரு பவர் சப்ளை, ஒரு எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் சாதனம்) ஆகிய மூன்றையும் இழந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை வேறு எந்தக் கடையிலும் செய்யலாம் என்பதால், பெயரைவிட நடந்த விதம்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

கணினி நானே பொருத்தியது. மூன்று ஆண்டுகளாகத் தொல்லையின்றி ஓடியது. ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தனித்தனி வாட்டர் பிளாக் (சூட்டை உறிஞ்சி நீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி), அந்தச் சூட்டை வெளியேற்றும் இரண்டு ரேடியேட்டர்கள், நீரைச் சுழற்றும் டி5 வகைப் பம்ப், அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் நீர்த்தொட்டி. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினேன், எதுவும் நடக்கவில்லை. விசிறி அசையவில்லை, பம்பின் மெல்லிய முனகலும் கேட்கவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் எப்போதும்போல் எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு எனக்கு எவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அன்று உறைக்கவில்லை. சுவர் பிளக்கையும் பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சையும் சரிபார்த்துவிட்டு, வேலை நெருக்கடியில் நேராகக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். என் முதல் தவறு அது.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஓடும் டியூப்களைப் பார்த்த மாத்திரத்தில் அங்கிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். “வாட்டர் கூலிங்கா சார்? அப்போ தண்ணி உள்ளே இறங்கியிருக்கும். போர்டு போயிருக்கும்” என்றார். மின்னழுத்தத்தையும் இணைப்பையும் சோதிக்கும் மல்டிமீட்டரை அவர் கையில் எடுக்கவேயில்லை. பம்ப் நின்று, சூடேறி, டியூப் இணைப்பு இளகி, தண்ணீர் சொட்டியிருக்கும் என்று ஒரு கதையையும் சேர்த்துச் சொன்னார். நீர்த்தொட்டியின் மட்டம் நான் வைத்திருந்த குறியைவிட்டு இறங்கவில்லை என்று சுட்டிக்காட்டினேன். சில சொட்டுகளே போதும், மட்டத்தில் தெரியாது என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. அதனால்தான் அடங்கிப் போனேன்.

மூன்றாம் நாள் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கிராபிக்ஸ் கார்டு செருகும் இடத்துக்குக் கீழே மதர்போர்டில் பச்சை படிந்த ஒரு கறை. என் கூலண்ட் (சுற்றில் ஓடும் குளிரூட்டும் நீர்) நிறமற்றது, இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். செம்பு களிம்பேறி வந்திருக்கும் என்று பதில் வந்தது. செம்பு பிளாக் உள்ள சுற்றில் அது நடக்கக்கூடியதே என்பதால் நிறத்தை மட்டும் வைத்து நான் சண்டை போடவில்லை. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை மூன்றும் போய்விட்டன என்றார்கள். கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றக் கூடாது, முதலில் புதிய போர்டில் போட்டுப் பாருங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். ‘செத்துப்போன’ அந்தக் கார்டு இன்றுவரை ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கணினியை வாங்கப் போனபோது, இனிமேல் பெரிய பொத்தானை அழுத்த வேண்டாம், பக்கத்தில் உள்ள சின்ன ரீசெட் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும் என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “புது போர்டுல அப்படித்தான் சார்” என்று பதில். வீட்டில் கணினி ஓடியது. ஆனால் என் பழைய கோப்புகளும் படங்களும் இருந்த சாட்டா எஸ்எஸ்டியை (கேபிளால் இணைக்கப்படும் வகை) அது அடையாளமே காணவில்லை. தொலைபேசியில் கேட்டேன். அதுவும் தண்ணீரால்தான் போயிருக்கும் என்றார்கள். அந்த எஸ்எஸ்டி மதர்போர்டுத் தட்டுக்குப் பின்பக்கம், ஒரு டியூப்கூட எட்டிப்பார்க்காத மூலையில் திருகப்பட்டிருந்தது. தண்ணீர் இரும்புத் தகட்டை ஊடுருவித்தான் அங்கே போயிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் நீர்த்தொட்டி கலங்கத் தொடங்கியது. எந்தத் தண்ணீரை ஊற்றினார்களோ என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. முன்பலகையிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் மதர்போர்டின் கீழ் ஓரத்தில் செருகப்படும் இடத்தில், பல போர்டுகளில் 6, 8 ஆகிய பின்கள் பவர் சுவிட்சுக்கும் 5, 7 ஆகியவை ரீசெட்டுக்கும் உரியவை. என் கணினியில் பவர் பின்களின் மேல் ‘ரீசெட்’ என்று எழுதிய பிளக் உட்கார்ந்திருந்தது. ‘பவர்’ என்று எழுதிய பிளக் மடித்து, ஒரு டேக்கால் கட்டி, விசிறிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே இழுத்து, இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும்படி அமைத்த மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்து, பெரிய பொத்தானை அழுத்தினேன். பீப் ஒலி வரவில்லை. இருபது முறை அழுத்தியும் வரவில்லை. சின்னப் பொத்தானுக்கு ஒவ்வொரு முறையும் வந்தது.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை. இரண்டுமே அழுத்தும் கணத்தில் மட்டும் இரு வயர்களைத் தொடவிடும் எளிய பொத்தான்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யும். பெரிய பொத்தான் கெட்டது என்பதை அறிந்த ஒருவர்தான் ரீசெட் வயரை அங்கே மாற்றிச் செருகியிருக்க முடியும். அறிந்த பிறகுதான் மதர்போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் பில் போட்டிருக்கிறார்கள் என்று நான் கருதுகிறேன். வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அந்தப் பச்சைக் கறைப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பழைய போர்டில், போர்டிலேயே நேராகச் செருகப்படும் எம்.2 வகை எஸ்எஸ்டியைப் பிடித்திருந்த வெள்ளித் திருகு எப்போதோ தொலைந்துபோய், ஒரு பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய, தலை தேய்ந்த கறுப்புத் திருகை நான் போட்டிருந்தேன். படத்தில் இருந்த திருகு வெள்ளி, அதுவும் புத்தம்புதிது. படத்தில் இருந்தது என் போர்டே இல்லை.

எஸ்எஸ்டி போன கதை இன்னும் எரிச்சலானது. புதிய பவர் சப்ளை வேறு நிறுவனத்துடையது. ஆனால் பின்பக்கம் டேக் போட்டுக் கட்டியிருந்த பழைய சாட்டா கேபிளை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அதையே புதியதில் செருகிவிட்டிருக்கிறார்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில் உதிரிப்பாகத்தின் பக்கம் உள்ள முனைதான் எங்கும் ஒன்றுபோல் இருக்கும். பவர் சப்ளையின் பக்கம் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளேயே மாறும். பிளக் அழகாகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளின் முனையை அளந்தேன்: 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் நின்றுகொண்டிருந்தது. பவர் சப்ளையை யார் மாற்றினாலும் அதனுடன் வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போது, அன்று காலை நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பம்ப் பழுதானால் கணினி உயிர் வராமல் கிடக்காது. அது வழக்கம்போல் தொடங்கும். பிறகு ப்ராசசர் சூடேறி, 95 முதல் 100 பாகை செல்சியஸ் அளவில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துபோகும். பம்பின் சுழற்சியை உணராத சில போர்டுகள் விசிறிப் பிழை என்று திரையில் எழுதி நிற்கும், ஆனால் அதை எழுதுவதற்குத் திரை எரிந்தாக வேண்டும். ஆகவே, பொத்தானை அழுத்தியும் ஒன்றுமே நிகழாத கணினிக்கு முன்னால் நின்றுகொண்டு ‘பம்ப் போய்விட்டது, அதனால்தான்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

போர்டின் அந்தச் சிறு விளக்கு எரிந்தால், பவர் சப்ளை, கணினி அணைந்திருக்கும்போதும் தரும் தன் காத்திருப்பு 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்: பவர் சுவிட்ச் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் மட்டும் சேர்த்துத் தொட்டால், போர்டு நலமாக இருக்கும்பட்சத்தில் கணினி எழுந்துவிடும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எந்தப் பின்கள் என்பதை உங்கள் போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் எழவில்லை, அல்லது விளக்கே எரியவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்து, 24 பின் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றி, 16ஆம் பின்னில் உள்ள பச்சை வயரையும் அதை ஒட்டிய கறுப்பு வயரையும் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை தானாக ஓட வேண்டும். வயர்கள் எல்லாமே கறுப்பாக இருக்கும் கேபிள்களில் பின் எண்ணை எண்ணித்தான் பார்க்க வேண்டும். நீர்ச்சுற்று வைத்திருப்பவர்கள் பலரிடம் கசிவுச் சோதனைக்காக வாங்கிய, இந்த இரு வயர்களையும் சேர்த்துவிடும் இணைப்பு பிளக் ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதுவே இதற்கும் போதும். பம்பை உலர ஓட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் அதன் தாங்கிக்கு மசகே அந்த நீர்தான்.

அழுத்தியதும் விசிறிகள் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டால் கதை வேறு. அது எங்கோ குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) இருப்பதையும் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்வதையும் காட்டக்கூடும். கசிவைச் சந்தேகிக்க வேண்டிய இடமும் இதுதான். மீண்டும் மீண்டும் அழுத்தாமல், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெள்ளை டிஷ்யூத் தாளால் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும், கிராபிக்ஸ் கார்டின் கீழ் விளிம்பிலும் ஒற்றிப் பாருங்கள். காய்ந்துபோன கசிவும் விளிம்பு கட்டிய வெளுத்த தடத்தை விட்டுச்செல்லும் என்பதால், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால், போவதற்கு முன் தகவல் உள்ள எஸ்எஸ்டிகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். போர்டு, கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் தொடர் எண்களைப் படமெடுங்கள். மாற்றும் ஒவ்வொரு பாகத்தின் பழையதையும் திருப்பித் தர வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் இதைச் செய்யவில்லை.

ஒளித்து வைக்கப்பட்ட பிளக், வெள்ளித் திருகு, மல்டிமீட்டரில் 12 வோல்ட் ஆகிய மூன்று படங்களையும் கடைக்கு அனுப்பிப் பழைய போர்டைக் கேட்டேன். “அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார்” என்ற ஒரே பதிலுக்குப் பிறகு என் அழைப்புகளை எடுப்பதில்லை. அது ஸ்கிராப்புக்குப் போனது என்பதை நான் நம்பவில்லை. பழுதில்லாத போர்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை. அதன் தொடர் எண் அட்டைப்பெட்டியில் இன்னும் என்னிடம் இருக்கிறது. பயன்படுத்திய மதர்போர்டு வாங்குகிறவர்களில் யாருக்காவது, எம்.2 இடத்தில் தலை தேய்ந்த கறுப்புத் திருகு ஒன்றோடு ஒரு போர்டு வந்து சேர்ந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.