ஒரு நாள் பாலிசியா, ஆண்டு பாலிசியா?

நிகழ்ச்சிகளுக்கு ஒலி, ஒளி அமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கியபோது பதிவு, உரிமம், வரி எண் எதுவும் என்னைக் குழப்பவில்லை. கேட்ட காகிதத்தைக் கொடுத்தால் கிடைத்துவிடும். அங்கே தேர்வு செய்ய ஒன்றுமில்லை. நான் தடுமாறியது பொதுப் பொறுப்புக் காப்பீட்டில்தான். நம் வேலையால் விருந்தினருக்குக் காயமோ மண்டபத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் ஏற்பது அது. அதை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக எடுப்பதா, ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக எடுப்பதா? முதல் ஆண்டை ஒரு நாள் பாலிசியோடு ஓட்டினேன். பிறகு ஆண்டு பாலிசிக்கு மாறினேன், இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் தெரியத்தான் செய்யும்.

ஒரு நாள் பாலிசியின் நல்ல பக்கம் எளிது. வேலை அரிதாக வரும் காலத்தில் கைக்காசு மிச்சம். பிரீமியத்தை அந்த வாடிக்கையாளரின் பில்லிலேயே சேர்த்துவிடலாம்.

அதன் சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. விருந்தினருக்கு நிகழ்ச்சி என்பது மூன்று மணி நேரம். நமக்கோ முந்தைய நாள் மாலை லாரியிலிருந்து முதல் பெட்டியை இறக்கும்போது தொடங்கி, மறுநாள் விடியலில் கடைசி கேபிளைச் சுருட்டும்போதுதான் முடிகிறது. எங்கள் வேலையில் ஆபத்து அதிகம் இருப்பதும் ஏற்றும்போதும் பிரிக்கும்போதும்தான். எல்லோரும் களைத்திருப்பார்கள், பாதி விளக்குகள் அணைந்திருக்கும்.

அப்படி ஓர் இரவில், விளக்கு ஸ்டாண்டின் காலில் கிடந்த மணல் மூட்டையை எங்கள் ஆள் ஒருவர் முதலில் எடுத்துவிட்டார். மேலே மாட்டியிருந்த விளக்கை இன்னும் கழற்றவில்லை. ஸ்டாண்ட் மெதுவாகத்தான் சாய்ந்தது. மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாலிசியைப் பிரித்துப் பார்த்தேன். காப்பீட்டுக் காலம் நள்ளிரவு 12 மணியோடு முடிந்திருந்தது. அப்போது மணி 12.40. கதவுக்கான பணம் என் பையிலிருந்து போனது. காப்பீட்டு நிறுவனத்தைக் குறை சொல்ல வழியில்லை. விண்ணப்பத்தில் நேரத்தை எழுதியவன் நான்தான்.

முன்கூட்டியே கேட்டால் அமைக்கும் நாளையும் பிரிக்கும் நாளையும் ஒரு நாள் பாலிசியிலேயே சேர்த்துத் தருபவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவாகக் கேட்க வேண்டும். ஒத்திகை நாளும், ஏணி போட்டு இடம் அளக்கப் போகும் நாளும் அப்போதும் வெளியே நின்றுவிடும். ஆண்டு பாலிசியில் இந்தக் கணக்கே இல்லை. மண்டபம் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டாலும் தரகரிடம் சொல்லி வாங்கி அனுப்பிவிடலாம்.

ஆண்டு பாலிசியிலும் பொறிகள் உண்டு. ஒரு விபத்துக்கான உச்சவரம்பு வேறு, ஆண்டு முழுவதற்குமான மொத்த வரம்பு வேறு. பெரிய கிளெய்ம் ஒன்று வந்தால் மிச்ச மாதங்களுக்கு மீதி வரம்புதான். அடுத்தது, தொழிலைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதும் வரி. ‘ஒலி, ஒளி’ என்று மட்டும் எழுதிவிட்டு, பிறகு மேடையும் கட்டித் தரப் போனால் அந்த மேடை சரிந்த கிளெய்மை நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். இன்னொன்று, கேபிளில் தடுக்கி விழுந்தவரின் வக்கீல் நோட்டீஸ் மாதங்கள் கழித்தும் வரலாம். விபத்து நடந்த நாளில் இருந்த பாலிசி பொறுப்பேற்குமா, நோட்டீஸ் வந்த நாளில் இருக்கும் பாலிசியா என்று எடுக்கும்போதே கேளுங்கள். இரண்டாவது வகை என்றால், ஒரு முறை புதுப்பிக்காமல் விட்டாலும் பழைய நிகழ்ச்சிகளுக்கான பாதுகாப்பு போய்விடக்கூடும்.

இரண்டிலும் பொதுவாக அடங்காதவை: நம் சொந்தப் பணியாளரின் காயம், வாடகைக்கு எடுத்து நம் கையில் இருக்கும் ஒலி மிக்ஸர் போன்ற கருவி. இவற்றுக்குத் தனித்தனிப் பாலிசி வேண்டும்.

‘கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டேன், எனக்கு எதற்குக் காப்பீடு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று 1896-இல் சாலமன் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் ஸ்டாண்டைக் கவனக்குறைவாக நிறுத்திய கை உங்களுடையது என்றால் உங்கள் பெயரிலேயே வழக்கு வரலாம். வராவிட்டாலும் இழப்பீட்டைக் கட்டிக் கம்பெனி மூழ்கும்.

பல்லாயிரம் பேர் கூடும் திடல் நிகழ்ச்சிகளை நான் எடுத்ததில்லை. மண்டப அளவிலான வேலையை வைத்தே இதைச் சொல்கிறேன். நான் மாறிய ஆண்டில், ஆண்டு பிரீமியத்தை ஒரு நாள் பிரீமியத்தால் வகுத்துப் பார்த்தேன். ஆறு வந்தது. கையில் அப்போது ஒன்பது வேலைகள் இருந்தன.