‘பி.ஆர். மாதிரிதான்’ என்று சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்

2024 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மெல்போர்னின் டாண்டினாங் பகுதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பத்தே நிமிடத்தில் அது போயும்விட்டது. நேர்காணல் முடிந்து, மேலாளர் கை குலுக்கி, சம்பளம்கூடப் பேசியாகிவிட்டது. மனிதவளப் பிரிவிலிருந்த அம்மையார் என் பாஸ்போர்ட் எண்ணைக் கணினியில் அடித்தார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். 8579 என்று ஒரு விசா நிபந்தனை எண். அதன்கீழ், அரசு வகுத்த பிராந்தியப் பகுதிக்குள்தான் வசிக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும், படிக்க வேண்டும் என்று இரண்டு வரி. “மெல்போர்ன் இதில் வராதே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், எட்டுப் பெட்டிகளோடு நாங்கள் மெல்போர்னில் குடியேறி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கோவையில் பதின்மூன்று ஆண்டுகள் பம்ப் வடிவமைப்பில் இருந்தவன் நான். ஒரு வரைபடத்தில் மில்லிமீட்டர் பிசகினால் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் குடும்பத்தின் தலைவிதியை எழுதிய தாளை ஒரு முறைகூடப் படிக்காமல் விமானம் ஏறினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காந்திபுரத்தில் மாடியில் ஒரு விசா ஆலோசனை அலுவலகம். பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. அங்கே ஆஸ்திரேலிய விசாவுக்கான என் தகுதிப் புள்ளிகளைக் கூட்டிக் காட்டினார்கள். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, அனுபவத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, ஆக 70. இந்தக் கூட்டல் சரிதான், அதில் ஏமாற்று இல்லை. 190 என்ற விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் மேலே 5 சேரும், 491-க்குப் பரிந்துரைத்தால் 15 சேரும். “எதற்குங்க வீணாகக் காத்திருக்க வேண்டும்? 491-ம் பி.ஆர். மாதிரிதான். தெற்கு ஆஸ்திரேலியா கையெழுத்துப் போடும், அவ்வளவுதான். இறங்கிய பிறகு எங்கே வேண்டுமானாலும் இருங்கள்” என்றார் அந்த அலுவலகத்தின் ஆள்.

பி.ஆர். என்றால் நிரந்தர வசிப்புரிமை. அந்த ‘மாதிரி’யில்தான் எல்லாம் இருக்கிறது. 190 நிரந்தர விசா. 491 ஐந்தாண்டுக்குத் தரும் தற்காலிக விசா. மூன்றாண்டு பிராந்தியப் பகுதியில் இருந்து காட்டிய பிறகுதான் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த மூன்றாண்டுக்குள் மாநிலப் பரிந்துரை தேவையில்லாத 189, இல்லை 190 என்று வேறு பக்கம் தாவவும் வழி இல்லை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும் பிராந்தியக் கணக்கில் வராது. பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட் வரும். மெல்போர்னிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜீலாங்கூட வரும். நிபந்தனை எனக்கு மட்டுமல்ல, விசாவில் பெயர் உள்ள மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இத்தனையும் அரசின் இணையதளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை.

பார்க்காமல் இருந்ததற்கு அவர்களும் ஏற்பாடு செய்திருந்தார்கள். விண்ணப்பக் கணக்கைத் தங்கள் மின்னஞ்சல் முகவரியில் திறந்தார்கள். கடவுச்சொல் கேட்டால், “பாதுகாப்புக்காக நாங்களே வைத்திருக்கிறோம்” என்றார்கள். விசா வந்தபோது மூலக் கடிதம் எனக்கு வரவில்லை. அவர்களுடைய முகப்புத்தாளில் ‘வாழ்த்துகள்’ என்று தொடங்கி, விசா எண், காலாவதித் தேதி மட்டும் தட்டச்சு செய்த ஒரு பக்கம் வந்தது. மனைவி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மெல்போர்ன் வந்ததும் அவர்களால்தான். ‘குடியமர்வுத் தொகுப்பு’ என்று 1,20,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள்: விமான நிலையத்தில் வரவேற்பு, வீடு, பள்ளிச் சேர்க்கை. அவர்களுடைய ஆள் மெல்போர்னில் இருந்தான். அதனால் எங்களுக்கும் மெல்போர்ன். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், டாண்டினாங் மளிகைக் கடைகள் என்று மனைவியிடம் நன்றாகவே படம் காட்டியிருந்தார்கள். விசாக் கட்டணம் போக அவர்களுக்கு மட்டும் நான் கொடுத்தது மொத்தம் 4,80,000 ரூபாய். அதில் மனைவியின் ஆரமும் அடக்கம். இன்னும் அடகில்தான் இருக்கிறது.

வீடு மெல்போர்ன் புறநகரான டார்னிட்டில். போய் இறங்கிய பிறகுதான் அது வீடு இல்லை, பின்பக்கத்து இரண்டு அறைகள் என்று தெரிந்தது. சமையலறை பொது. ஃபிரிட்ஜில் எங்களுக்குக் கீழ்த்தட்டு. அதன்மேல் எங்கள் பெயரைத் தவறாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜூலைக் குளிரில் ஹீட்டர் போட்டால் முன்னறையிலிருந்த பையன் வந்து மின்கட்டணம் பற்றிப் பேசுவான். வாடகை வாரத்துக்கு 420 டாலர்; இங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். முன்வைப்புத் தொகையாக 2,500 டாலரைக் கோவையிலிருந்தே அனுப்பியிருந்தேன். விக்டோரியாவில் அந்தத் தொகையை வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கென்றே உள்ள அரசு ஆணையத்தில் கட்ட வேண்டும். கட்டினால் வாடகைதாரருக்கு ரசீது வரும். எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஆணையத்தைக் கேட்டேன். என் பெயரில் ஒரு டாலரும் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து திரும்பிய அன்று கோவைக்குப் பேசினேன். “ஜீலாங்கில் தெரிந்தவர் முகவரி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் சார், நீங்கள் மெல்போர்னிலேயே இருங்கள்” என்றார் அந்த ஆள், ஏதோ ரேஷன் அட்டை முகவரி மாற்றுவது போல. குடிவரவுத் துறை எழுத்தில் கேட்டால், எங்கே குடியிருக்கிறோம், எங்கே வேலை செய்கிறோம் என்பதற்கான சான்றை 28 நாளில் கொடுக்க வேண்டும். அதற்கும் விசாவிலேயே தனி நிபந்தனை உண்டு, எண் 8580. பொய் முகவரியோடு அகப்பட்டால் விசாவே போகலாம். அன்றைக்கு முதல் முறையாக அந்த மனிதரிடம் குரலை உயர்த்தினேன். அதன்பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

அவருடைய மேசைக்குப் பின்னால் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த ஏழு இலக்கப் பதிவு எண்ணை அப்போதுதான் தேடினேன். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. எண்ணை அடித்தால் பெயர் வரும். வந்த பெயர் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. அவருக்கு எழுதினேன். கோவையில் தனக்கு யாரையும் தெரியாது என்று இரண்டு வரியில் பதில் போட்டார். இந்தியாவில் உட்கார்ந்து ஆலோசனை சொல்பவருக்கு அந்தப் பதிவு சட்டப்படி கட்டாயமில்லை. கட்டாயமில்லாததைச் சுவரில் மாட்டுவானேன்?

பரிந்துரைத்த மாநிலத்துக்கே போவதுதான் நேர்மை என்று அடிலெய்டுக்குக் கிளம்பினோம். இரவு பஸ், எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். மகள் வழி முழுக்கப் பேசவில்லை. டார்னிட் பள்ளியில் அப்போதுதான் ஒரு தோழி கிடைத்திருந்தாள். மேல்நிலைப் படிப்பின் சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: விக்டோரியாவில் ஒன்று, தெற்கு ஆஸ்திரேலியாவில் மற்றொன்று. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்ததால் தப்பித்தாள். இரண்டாண்டு கழித்து இந்தக் கூத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அடிலெய்ட் எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மெல்போர்னுக்கு அரை மணி பின்னால் ஓடும் கடிகாரம். நம்மூரைப் போல அரை மணிக் கணக்கு வைத்திருக்கும் ஊர் என்று ஓர் ஒட்டுதல். மூன்று மாதம் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். இப்போது என் தொழிலிலேயே வேலை. இங்கே பதிவு பெற்ற ஒரு முகவரிடம் காசு கொடுத்து ஒரு மணி நேரம் பேசினேன். மெல்போர்னில் இருந்த வாரங்களை மறைக்க வேண்டாம், இனி வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு என்று ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம் என்றார். அலமாரியில் நீலக் கோப்பு ஒன்று பருத்துக்கொண்டே போகிறது.

கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியே புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணம் கட்டிய ரசீதும், ‘எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று அவர் அனுப்பிய ஒரு குரல்பதிவும் கையில் இருக்கின்றன. விசா கிடைத்தவர்கள் தங்கள் நிபந்தனைகளை ‘வீவோ’ என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டும் விசா அனுமதிக் கடிதத்தில் உள்ள எண்ணும் போதும். டிக்கெட் எடுப்பதற்கு முன் பாருங்கள்.

போன மாதம் என் மைத்துனன் அந்த அலுவலகத்துக்கு, புதிதாக விசாரிக்க வந்தவனைப் போலப் போய் உட்கார்ந்திருக்கிறான். வரவேற்பறைச் சுவரில் எங்கள் குடும்பப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறதாம். விமான நிலையத்தில் அவர்களுடைய ஆள் எடுத்தது. கீழே ‘மெல்போர்ன் பி.ஆர்., 2024’ என்று எழுதியிருக்கிறது. முன்பணம் கட்டும் இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் அடையாளம் சொல்கிறேன்: பச்சை ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவன் என் மகன்.