கட்டடத்துக்குக் காவல் நின்ற சோலார் கேமரா: ஒன்பது மாத அனுபவம்

முதல் தளம் கான்கிரீட் போட்ட மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தண்ணீர் மோட்டாரைக் காணோம். பைப்பை அறுத்துவிட்டுத் தூக்கிப் போயிருந்தார்கள். மேலே பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் பாதி வற்றியிருந்தது. மோட்டார் போன வருத்தத்தைவிடத் தளம் காய்ந்து வெடித்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அன்று முழுக்க நானும் மனைவியும் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். அன்று இரவே இந்தக் கேமராவை ஆர்டர் செய்தேன்.

சிம் கார்டு போட்டு 4ஜி-யில் ஓடும் கேமரா இது. மேலே சின்ன சோலார் பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி. கட்டுகிற இடத்தில் வைஃபை இருக்காது, நிலையான மின் இணைப்பும் இருக்காது. அதனால் சாதாரண வீட்டுக் கேமராவை அங்கே யோசிக்கவே முடியாது. மாட்டுவது எளிது, அரை மணி நேர வேலை.

முதல் இரண்டு வாரம் ஏமாற்றம்தான். கேட்டைப் பார்த்தாற்போல நேராக மாட்டியிருந்தேன். மேஸ்திரி காலையில் உள்ளே வந்து கேமராவுக்குக் கீழே நின்ற பிறகுதான் போனில் மணி அடிக்கும். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். நல்லவேளை, அனுப்பும் முன் கையேட்டைப் பொறுமையாகப் படித்தேன். பேட்டரியை மிச்சப்படுத்த இந்தக் கேமரா எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூடு நகர்வதை ஒரு சென்சார் கண்டுபிடித்தால்தான் விழிக்கும். குறுக்கே நடப்பவரை அந்தச் சென்சார் சட்டென்று பிடிக்கும். நேராக எதிரே வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கம்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, வருகிறவர் கேமராவுக்குக் குறுக்கே நடந்தே ஆக வேண்டும் என்ற கோணத்தில் வைத்தேன். அதே கேமராதான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஆளைக்கூடத் தவறவிட்டதில்லை. கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். போன் அலறியது. எடுத்துப் பார்த்தால் கம்பி அடுக்கியிருந்த மூலையில் இரண்டு பேர். முழு நீளக் கம்பி பன்னிரண்டு மீட்டர், 12 மில்லி கம்பி ஒன்றே பத்து கிலோவுக்கு மேல் வரும். வண்டி இல்லாமல் அதைக் கட்டாகக் கொண்டுபோவது கஷ்டம். அதனால் வேலைக்காக வெட்டி வைத்திருந்த துண்டுக் கம்பிகளை அவர்கள் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனிலேயே கேமராவின் சைரன் பொத்தானை அழுத்தி, விளக்கையும் எரியவிட்டு, "யாரது? போலீசுக்குச் சொல்லியாச்சு!" என்று கத்தினேன். சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். படுக்கையில் உட்கார்ந்தபடி கை நடுங்கியது எனக்குத்தான்.

ஆனால் அந்த வீடியோவில் முகம் தெரியவில்லை. துண்டால் மூடியிருந்தார்கள், அகச்சிவப்பு விளக்கில் படமும் கறுப்பு வெள்ளையாக, நகரும்போது கலங்கலாக இருந்தது. அதனால் திருடனை அடையாளம் காட்டும் என்று நம்பி இதை வாங்காதீர்கள். விரட்டும். அதுதான் இதன் பலம். அன்றிலிருந்து வெள்ளை விளக்கு தானாக எரிகிற மாதிரி வைத்துவிட்டேன். படம் வண்ணத்தில் வருகிறது, வருகிறவனுக்கும் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிகிறது.

குறைகளும் உண்டு. சிமெண்ட் தூசி பேனலில் படிந்து, விடியற்காலைப் பனி பட்டதும் மெல்லிய பூச்சாக இறுகிவிடுகிறது. பூச்சு வேலை நடந்த மாதத்தில் இரண்டு முறை சார்ஜ் இல்லாமல் அணைந்துபோனது. அப்புறம், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சுவர் எழும்ப எழும்பப் பார்வையும் மறையும். நான் மூன்று முறை கம்பத்தை மாற்றி நட்டேன். மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதால், கேமராவையே கழற்றிப் போனால் பதிவும் போய்விடும். மாதச் சந்தா கட்டி ஆன்லைனிலும் சேமித்தேன். அந்தச் செலவு எனக்கு வீணாகத் தெரியவில்லை. கை எட்டாத உயரத்தில் மாட்டுவதும் முக்கியம்.

இன்னொன்று. கேமரா இருக்கிறதே என்று எலக்ட்ரிக் வயர் காயில்களை உள்ளே போட்டு வைக்காதீர்கள். செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் எப்போதும் கிராக்கி உண்டு. குழாய்க்குள் இழுத்த வயரையே உருவிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கதவும் ஜன்னலும் மாட்டிப் பூட்டுப் போட்ட பிறகுதான் வயர் இழுக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் முணுமுணுத்தார். அன்றன்றைக்குத் தேவையான காயிலை மட்டும் நானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாட்ச்மேன் வைக்க முடிந்தவர்கள் அவரையும் வையுங்கள். சத்தம் கேட்டதும் ஓடிவர ஒரு ஆள் வேண்டும்.

மோட்டாருக்குப் பிறகு என் கட்டடத்திலிருந்து ஒரு பொருளும் போகவில்லை. இப்போது மச்சினர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார். கேமராவையும் கம்பத்தையும் போன வாரம் அங்கே நட்டுவிட்டு வந்தேன், முதல் நாளே வழிக்குக் குறுக்காக.