ஆடாசிட்டியா, ரீப்பரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உறுமி மேளம் அடிக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது: ஆடாசிட்டி, ரீப்பர் என்ற இரண்டு கணினி மென்பொருள்களில் ஒலித்தொகுப்பை எதில் பழகுவது?

விலை: ஆடாசிட்டி முழுக்க இலவசம். ரீப்பருக்கு 60 நாள் சோதனை, பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர்.

எளிமை: ஆடாசிட்டிதான். வெட்டு, ஒட்டு, இரைச்சல் குறைப்பு எல்லாம் ஒரே மாலையில் கைவரும்.

ஒலி வடிவமைப்பு: இங்கே என் ஓட்டு ரீப்பருக்கு. உறுமியின் ஓர் அடியை இரண்டு தடங்களில் அடுக்கி, ஒன்றின் சுருதியைத் தாழ்த்தி, ரிவெர்ப் (எதிரொலி முழக்கம்) சேர்த்துப் பாருங்கள். லயத்து வீட்டில் பதிந்தது கோயில் மண்டபம்போல் விரியும்! மூலக் கோப்பும் மாறாது. ஆடாசிட்டியும் 2022இல் 3.2 பதிப்பிலிருந்து, ஒலி ஓடும்போதே கேட்டு மாற்றக்கூடிய நிகழ்நேர விளைவுகளைத் தருகிறது. ஆனாலும் தடங்கள் பெருகினால் ரீப்பரே வசதி.

பாட்டியின் பால்மரக்காட்டுக் கதைகளைப் பதிந்து சுத்தம் செய்ய ஆடாசிட்டி போதும். குறும்படத்துக்கு ரீப்பர். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் பதியாதீர்கள். அந்த இரைச்சலை இரண்டாலும் முழுதாக நீக்க முடியாது.